விமானம் ஏறுமுன் அறுத்த அரைஞாண்

1

புதிய விதிப் புத்தகம் இன்று காலை அலுவலகத்துக்கு வந்தது. நீல அட்டை, வழவழப்பான தாள். நாடு கடத்தப்படுகிறவர்களை விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோகும்போது எப்போது கைவிலங்கு போடலாம், எப்போது இடுப்பு வார் கட்டலாம், எத்தனை பேர் பிடிக்கலாம், எங்கே பிடிக்கக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. படித்துப் புரிந்துகொண்டேன் என்று வெள்ளிக்கிழமைக்குள் ஆளுக்கொரு கையெழுத்துப் போட வேண்டும்.

நடுப்பக்கம் ஒன்றில் ஒரு வரியை நான்கு தரம் படித்தேன். மத நம்பிக்கையாலோ பழக்கத்தாலோ உடம்பில் கட்டியிருக்கும் கயிற்றை, வேறு ஆபத்து இல்லாவிட்டால், அகற்ற வேண்டியதில்லை என்று எழுதியிருக்கிறது. பழைய புத்தகத்தில் மத நம்பிக்கை மட்டும்தான் இருந்தது. பழக்கம் இப்போதுதான் சேர்ந்திருக்கிறது. ஒருவனுக்கு இது ஒன்றரை வருஷம் தாமதமாக வந்திருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து எழுதினால் பனி, ரயில், வேலைக்குப் போகும் பெண்டாட்டி என்று எதையாவது எதிர்பார்ப்பீர்கள். பனி பெய்கிறது, ரயில் தாமதமாகிறது, பெண்டாட்டி வேலைக்குப் போகிறாள். அது போதும். நான் எழுத வந்தது சிதம்பரத்தை அடுத்த கிள்ளைப் பக்கத்து ஞானவேலைப் பற்றி. அவனுடைய இடுப்பில் இருந்த கயிற்றை அறுத்தவன் நான்.

புத்தகத்தை வீட்டுக்கு எடுத்து வந்தேன். மகள் நிவேதாவுக்குப் பதினொரு வயது. சாப்பாட்டு மேசையில் அதைப் பார்த்துவிட்டு, கார் ஓட்டும் பரீட்சைக்கா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஆமாம் என்றேன். அவளுக்குத் தமிழ் பேசினால் பாதி புரியும், படிக்க வராது. சனிக்கிழமை வகுப்புக்கு மூன்று வருஷம் அழைத்துப் போனோம், பிறகு நீச்சல் வந்தது, வயலின் வந்தது, தமிழ் போயிற்று. அதில் எனக்கு வருத்தம் நிறைய உண்டு. இதை எழுதுகிற இன்று மட்டும் அது நிம்மதியாக இருக்கிறது.

2

நான் திருப்பாதிரிப்புலியூர்க்காரன். கடலூர் கோர்ட்டில் பத்து வருஷம் டைப்பிஸ்டாக இருந்தேன். மனைவிக்கு இங்கிலாந்தில் நர்ஸ் வேலை கிடைத்து 2004இல் அவள் முன்னால் வந்தாள். மறு வருஷம் குழந்தையோடு நான் பின்னால் வந்தேன்.

வந்த புதிதில் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா இல்லை என்று ஆட்டினேனா என்று இங்கே யாருக்கும் விளங்கவில்லை. இரண்டு வேலை அப்படியே கை நழுவிப் போயின. கடைசியில் இந்தக் கம்பெனியில், தமிழும் இந்தியும் தெரிந்த ஆள் தேவை என்று எடுத்துக்கொண்டார்கள். அரசாங்கம் திருப்பி அனுப்புகிறவர்களுக்குத் துணையாக விமானத்தில் போய் வரும் வேலை. துணை என்றுதான் உத்தரவில் போட்டிருந்தது.

கடலூரில் விசாரணைக் கைதியைக் கோர்ட்டுக்கு எப்படி அழைத்து வருவார்கள் என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீதிபதி சொல்லாமல் விலங்கு போடக் கூடாது என்பதால் கான்ஸ்டபிள் அவன் விரல்களுக்குள் தன் விரல்களைக் கோத்துக்கொண்டு டவுன் பஸ்ஸிலிருந்து இறங்குவார். இரண்டு பேரும் மஞ்சக்குப்பத்தில் டீ குடிப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மச்சானும் மச்சானும் சினிமாவுக்குப் போகிற மாதிரி இருக்கும். நான் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

இங்கே பயிற்சியில் ஒருவருக்கொருவர் விலங்கு மாட்டிப் பழகினோம். நடுவில் சங்கிலி கிடையாது, விறைப்பான கட்டை இருக்கும். கொஞ்சம் திருப்பினால் மணிக்கட்டு எலும்பில் வலி ஏறும். இரண்டு நிமிஷத்தில் என் கட்டைவிரல் மரத்துப்போயிற்று. சொல்லிக் கொடுத்தவர் சிரித்துக்கொண்டே சரியாகிவிடும் என்றார். இரண்டு நிமிஷம்தானே, சரியாகிவிட்டது.

கூடவே ஆளுக்கொரு சின்னக் கத்தி கொடுத்தார்கள். வளைந்த வாய், உள்பக்கம் மட்டும் கூர். யாராவது கழுத்தில் எதையாவது சுற்றிக்கொண்டால் தோலில் படாமல் அறுப்பதற்கு. நான்கு வருஷம் அது என் இடுப்புப் பையில் சும்மா கிடந்தது.

3

2010 டிசம்பரில் எனக்கு வந்த பெயர்ப் பட்டியலில் ஞானவேல், கடலூர் மாவட்டம் என்று இருந்தது. அந்த வேலையை நானே கேட்டு வாங்கினேன். மச்சினனுக்குக் கல்யாணம். ஆளைச் சென்னையில் இறக்கிவிட்டு அப்படியே மூன்று வாரம் லீவில் ஊருக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். நான்கு வருஷமாக ஊர்ப் பக்கம் போகவில்லை.

ஞானவேலுக்கு முப்பது வயது இருக்கும். சுனாமியில் அப்பாவும் படகும் போன பிறகு ஒரு ஏஜெண்டைப் பிடித்து வந்தவன். ஒரு மீன் கடையின் பின்கட்டில் நான்கு வருஷம் மீன் அறுத்திருக்கிறான். விசா முடிந்து போய் மாட்டிக்கொண்டான். தடுப்பு விடுதியில் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்ததால் அவன் கோப்பில், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளக்கூடியவன் என்று சிவப்புக் கட்டம் போட்டிருந்தார்கள். அந்தக் கட்டம் இருந்தால் உடம்பில் கயிறு, நாடா எதுவும் இருக்கக் கூடாது.

என்னைப் பார்த்ததும் சார் என்றான். எந்த ஊர் என்று கேட்டான். சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. அதற்கப்புறம் நான் அவனுக்கு மாமா. அம்மாவைப் பற்றிச் சொன்னான், போன் போட்டு வருவதாகச் சொல்லவில்லை என்றான். போய் நின்று சொல்லிக்கொள்கிறேன் மாமா என்றான். அமைதியாகத்தான் இருந்தான். சோதனை போடும்போதுதான் சட்டைக்குக் கீழே அரைஞாண் தெரிந்தது. கறுப்புக் கயிறு, ஒரு செப்புத் தாயத்து, பக்கத்தில் பக்கத்தில் மூன்று முடிச்சு.

எங்கள் குழுத் தலைவர் டேவ் அதைக் காட்டி, கழற்றச் சொல் என்றார். சொன்னேன். அவன் இரண்டு கையாலும் இடுப்பைப் பொத்திக்கொண்டான்.

"அது அவுக்க வராது மாமா. எங்கம்மா போட்ட வலை முடிச்சி, அறுத்தாத்தான் உண்டு. செத்தவனுக்குத்தான மாமா அறுப்பாங்க. சுனாமியில எங்கப்பாவுக்கு மொகமே இல்ல, இந்த முடிச்சப் பாத்துதான் எங்கம்மா அடையாளம் சொல்லிச்சி. இது இல்லாம நான் எப்பிடிப் போயி அது முன்னாடி நிப்பேன்?"

டேவ் கெட்டவர் இல்லை. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இது மதமா?

மதம் என்று சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். விடுதியின் மதகுருவுக்குப் போன் போடுவார்கள். அவர் வருவார், ஒரு படிவம் நிரப்புவார், மேலதிகாரி அதில் கையெழுத்துப் போடுவார். அதற்குள் விமானம் போய்விடும். ஞானவேலின் பயணம் இன்னொரு நாளைக்குத் தள்ளிப்போகும். அந்த நாளுக்கு வேறு யாராவது போவார்கள். கல்யாணத்துக்கு நான் இருக்க மாட்டேன்.

மனசுக்குள் வக்கீல் மாதிரி வாதாடினேன். இதில் சாமி ஏது, கோயில் ஏது? எங்கள் பக்கத்தில் இந்துவும் கட்டுகிறான், கிறிஸ்தவனும் கட்டுகிறான். அப்படியானால் மதம் ஆகாதே. இல்லை, வெறும் பழக்கம்தான் என்று டேவிடம் சொன்னேன். தலையை ஆட்டவில்லை, தெளிவாக வாயால் சொன்னேன்.

அப்புறம் எல்லாம் புத்தகத்தில் இருக்கிறபடியே நடந்தது. மூன்று தரம் எச்சரிக்கை. மூன்று பேர் பிடித்தார்கள். முன்பக்கமாக விலங்கு. ஒருவர் கை, ஒருவர் கால், ஒருவர் தலை சுவரில் மோதாமல் பார்த்துக்கொண்டார். அவன் பாஷை தெரிந்தவன் என்பதால் கத்தி என்னிடம் வந்தது.

"மாமா, நீங்களா அறுக்கப் போறீங்க?" என்றான்.

ஒரே இழுப்பில் அறுந்துவிட்டது. அதுவரை முறுக்கிக்கொண்டிருந்த அவன் உடம்பு அப்படியே தளர்ந்துபோனது. நல்லது, ஒத்துழைக்கிறான் என்று டேவ் சொன்னார். அவனுடைய சாமான் பைக்கு ஏற்கெனவே முத்திரை வைத்தாகிவிட்டது. பிரித்தால் புது நம்பர், புதுப் படிவம். கயிற்றைச் சுருட்டி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

4

எதிர்த்தவன் என்று பதிவாகிவிட்டதால் விலங்கு விமானத்திலும் இருந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் விலங்குக்கும் தோலுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்து எழுதினேன். சாப்பிடும்போது ஒரு கையை அவிழ்த்தோம். அவன் ஸ்பூனை எடுத்தான், அது விழுந்தது. மறுபடி எடுத்தான், விழுந்தது. சாப்பாடு வேண்டாமா என்று கேட்டேன். கையை மடியில் வைத்துக்கொண்டான். உணவு மறுத்தார் என்று எழுதினேன்.

சென்னை நெருங்கும்போது விடிந்திருந்தது. இறங்குமுன் விலங்கைக் கழற்றிவிட வேண்டும், அந்த ஊர் அதிகாரிகள் முன்னால் விலங்கோடு நிறுத்தக் கூடாது என்பது விதி. கழற்றிப் பையில் வைத்தேன். கடலூர் கான்ஸ்டபிள்களின் நினைப்பு வந்தது. அவன் விரல்களுக்குள் என் விரல்களைக் கோத்துக்கொண்டு நடந்தேன். ஏதோ நல்ல மனுஷன் ஆகிவிட்ட மாதிரி இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவன் கீழே பார்த்தான்.

"நீங்க புடிச்சிருக்கறதே தெரியல மாமா. கை மரத்துப்போச்சி."

சரியாகிவிடும் என்றேன். பயிற்சியில் கேட்டதைத்தான் சொன்னேன். ஒப்படைப்புப் படிவத்தின் கடைசிக் கட்டத்தில் காயம் ஏதும் உண்டா என்று கேட்டிருந்தது. தோலில் ஒரு கீறல்கூட இல்லை. இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கயிறு என் சட்டைப் பையிலேயே இருந்தது. மறந்துவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை. அறுத்த அரைஞாணை உயிரோடு இருப்பவன் கையில் எப்படிக் கொடுப்பது? ஊருக்குப் போய்ப் புதுக் கயிறு வாங்கி, கிள்ளைக்கு எடுத்துப் போய், அவன் அம்மா கையாலேயே கட்டச் சொல்லிவிட்டு, மன்னிப்புக் கேட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன்.

5

கல்யாணம் நன்றாக நடந்தது. பிறகு மறுவீடு, விருந்து, சொந்தக்காரர்கள். லண்டன்காரர் கறுத்துட்டாரே என்று கேலி. பாடலீஸ்வரர் கோயில் சன்னதித் தெருவில் கறுப்பு அரைஞாண் ஒன்று வாங்கினேன். கிள்ளைக்குக் கிளம்பியது ஒன்பதாவது நாள். இரண்டாவது நாளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என் மனைவி கேட்பதில்லை, நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சிதம்பரத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, கடைசியில் ஷேர் ஆட்டோ. சுனாமி நினைவு நாளுக்கு இன்னும் சில நாள் இருந்தது. வழியெல்லாம் பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். சுனாமிக் குடியிருப்பில் ஞானவேல் வீடு எது என்று கேட்டதும், பதில் சொன்னவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கையைக் காட்டினார்.

அவன் அம்மா பூங்காவனம் வாசலில் கருவாடு பிரித்துக்கொண்டிருந்தார். அவனைப் பார்க்க வந்தேன் என்றேன்.

"அவன் லண்டன்ல இல்ல இருக்கான்" என்றார்.

இறங்கி ஒன்பது நாள் ஆகிறது, இன்னும் வீட்டுக்கு வரவில்லை. நானும் அங்கிருந்துதான் வருகிறேன் என்றேன். அந்த அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். மூன்று வாரமாக போன் இல்லையாம். அந்த வேளை பார்த்து ஊர்க்காரர்கள் வேறு மனசைக் குழப்பிவிட்டார்களாம். அவரே சொன்னார்.

நாலு நாள் முன்னால் உப்பனாற்றில் ஒரு பிணம் ஒதுங்கியிருக்கிறது. மூன்று நாள் தண்ணீரில் கிடந்திருக்கும் என்றார்களாம், முகம் ஊதிப்போயிருந்ததாம். அதற்கு முன்பு ஒரு நாள் பையோடு வந்த ஒரு ஆள், அக்கரையில் சுனாமி அழித்த பழைய குப்பத்துக்கு விடச் சொல்லித் தோணியில் ஏறியிருக்கிறான். தலையில் துண்டைப் போட்டு மூடியிருந்தானாம். சாயங்காலம் தோணிக்காரர் திரும்பப் போனபோது ஆளைக் காணோம். பிணத்தைப் பார்த்த அந்தத் தோணிக்காரர்தான், ஜாடை ஞானவேல் மாதிரி இருக்கிறது என்று போலீஸிடம் சொல்லி, இவரைச் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வைத்திருக்கிறார்.

"போயி இடுப்பப் பாத்தேன். அரைஞாணே இல்ல. எம்புள்ள இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அதுவும் தோணியில ஏறச்சொல்ல கயித்தப் புடிக்க வரலியாம் அந்த ஆளுக்கு, ரெண்டு தபா நழுவிச்சாம். கயிறு புடிக்கத் தெரியாதவன் எம்புள்ளயா இருப்பானா? நீங்களே சொல்லுங்க."

விழுந்துகொண்டே இருந்த ஸ்பூன் என் கண்ணுக்குள் வந்தது. அவர் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. அங்கே குளிர் ஜாஸ்தியா, அவன் நேரத்துக்குச் சாப்பிடுகிறானா என்று கேட்டுக்கொண்டே கருவாட்டைப் பிரித்தார். ஆமாம், நன்றாக இருக்கிறான், போன் போடச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். நான் அதற்கும் துணிகிற ஆள்தான். டேவிடம் பொய் சொன்னவனுக்கு இது பெரிய காரியம் இல்லை. ஆனால் அந்த அம்மா சாகும்வரை போனையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆஸ்பத்திரியில் கிடப்பவனை அநாதை என்று எரித்துவிடுவார்கள்.

சட்டைப் பையிலிருந்து பழைய கயிற்றை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் தாயத்தைப் பார்க்கவில்லை. மூன்று முடிச்சையும் கட்டைவிரலால் தடவினார். பிறகு அறுந்த இரண்டு முனைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். அவிழ்ந்தது இல்லை, அறுத்தது என்று தெரிந்துகொண்டார்.

"யாரு அறுத்தது?"

"நாந்தான்மா."

"உசுரோட இருக்கும்போதேவா?"

ஆமாம் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். விமானம், விலங்கு, மரத்துப்போன கை, மச்சினன் கல்யாணம். மதமா என்று கேட்டார்கள், இல்லை என்று சொல்லிவிட்டேன் என்பதையும் சொன்னேன். என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் தேவலை. அவர் கருவாட்டைக் கூடையில் போட்டு மூடினார், கையைக் கழுவினார், கதவைச் சாத்தினார்.

"வா, போலாம்" என்றார். அதுவரை இருந்த மரியாதை போய்விட்டது. அது நியாயம்தான்.

6

பழைய கயிற்றை முந்தானையில் முடிந்துகொண்டு அவர் சிதம்பரம் பஸ்ஸில் ஏறினார். ஆஸ்பத்திரி பிணவறையில் போலீஸ்காரர் ஒருவர் இருந்தார். அவரிடமும் மறைக்காமல் சொன்னேன். தாயார் அடையாளம் காட்டினார் என்பதை மட்டும் எழுதிக்கொண்டார், மற்றதற்கு அவருடைய தாளில் இடம் இல்லை. தவறி விழுந்தானா, தானே இறங்கினானா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியாது.

துணியை விலக்கினார்கள். பூங்காவனம் இந்த முறை இடுப்பைப் பார்க்கவில்லை. நேராகக் கால்மாட்டுக்குப் போனார். இடது பாதத்தில், சின்ன வயதில் கிளிஞ்சல் கிழித்த ஒரு நீளத் தழும்பு இருந்தது. அதன்மேல் கையை வைத்தார்.

"அன்னிக்கே காலப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பாக்கக் கூடாதுன்னுதான் இடுப்ப மட்டும் பாத்துட்டு ஓடியாந்தேன்" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை, அவனிடம் சொன்ன மாதிரி இருந்தது.

நான் தேம்பிவிட்டேன். அழுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று தெரிந்தும் அழுதேன். கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையை இழுத்தபோது, சன்னதித் தெருவில் வாங்கிய புது அரைஞாண் கூடவே வந்து தரையில் விழுந்தது. அவர் அதைக் குனிந்து எடுத்தார். யாருக்கு வாங்கியது என்று கேட்கவில்லை. பிரித்து என் கையில் வைத்தார்.

"இப்பக் கட்டு. கட்டிட்டு அறு. செத்தவனுக்கு மொறையா அறு."

பிணவறை ஊழியர் ஒருவர் பிளேடு கொடுத்தார். குனிந்து அவன் இடுப்பில் கயிற்றைச் சுற்றினேன். உடம்பு ஜில்லென்று இருந்தது. எனக்கு வலை முடிச்சு போடத் தெரியாது, சாதாரண முடிச்சுதான் போட்டேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் விட்டுப் பார்த்த அதே விரலை, கயிற்றுக்கும் தோலுக்கும் நடுவில் விட்டுப் பிடித்துக்கொண்டு, பிளேடை வைத்தேன்.

இந்த முறை யாரும் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.